ஜவ்வரிசிக் கச்சேரி

ஞாயிற்றுக்கிழமைத் திரையிடலுக்கு வந்திருந்த ஆனந்தகுமாரின் படத்தை மடிக்கணினியில் ஓடவிட்டு ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள் ஜெர்லினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில் ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றின் உலர்களம். கண் கூசுகிற வெள்ளை. அதன்மேல் காலை இழுத்து இழுத்து, ஜவ்வரிசியைப் புரட்டிவிட்டபடி வரிசையாக நடக்கும் பெண்கள். அதில் ஒன்றும் இல்லை. காதில் விழுந்துகொண்டிருந்ததுதான் விஷயம். அது அவளுடைய கச்சேரி.

சந்தேகத்துக்கே இடமில்லை. முதலில் தகரத்தின்மேல் ஒவ்வொன்றாக விழும் மணிகள். பிறகு தவில் தோலின்மேல் ஒரு பிடி. பிறகு அம்மா வீட்டு வெண்கலத் தட்டு. அந்தத் தட்டில் ஒரு விரிசல் உண்டு. வேகமாகக் கொட்டினால் ஓரத்தில் வண்டு முரலுவது போல ஒரு சத்தம் வரும். படத்தில் அந்த வண்டும் வந்தது. கச்சேரியில் எந்த இடத்தில் அவள் கை வலித்து மூச்சு வாங்கினாளோ அந்த இடத்தில் அந்த மூச்சும் இருந்தது. படம் முடிந்து பெயர்கள் ஓடின. இசை, ஒலி: ஆனந்தகுமார்.

காப்பி ஆறிப் போயிருந்தது. அவள் படத்தை ஆரம்பத்துக்கு இழுத்து மறுபடியும் ஓடவிட்டாள்.

ஜெர்லின் சேலத்தில் ஒரு ஜவ்வரிசி வியாபாரியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் கீபோர்டு வாசிக்கிறாள். சிறுமியாக இருந்தபோது ஒரு பூசையின் நடுவே ஆர்கனின் கட்டை ஒன்று அமுங்கியபடியே மாட்டிக்கொண்டு, கடைசி ஆசீர்வாதம் வரை ஒரே சுருதியில் முனகித் தீர்த்தது. சாமியார் முகத்தைச் சுளித்தார், பாடகர் குழு தலையில் அடித்துக்கொண்டது. இவளுக்கு மட்டும் அன்றைக்குத்தான் பூசை பார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கே இவள் காது கெட்டுப்போய்விட்டது என்று அம்மா மரியபுஷ்பம் இன்றைக்கும் சொல்வாள்.

கெட்டுப்போன காதுக்குத் தீனி போட ஊரில் ஒரு கூட்டமும் இருந்தது. பெயர் திரைவட்டம். ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு சேலைக் கடைக்கு மேலே மாடி ஹாலில் மாதம் ஒரு ஞாயிறு கூடுவார்கள். ஒரு கிழவர் வெங்காயம் உரிப்பதையே இரண்டு மணி நேரம் காட்டும் படம் பார்ப்பார்கள். பனிக்கட்டி உருகுவதை மைக் வைத்துப் பிடித்த கச்சேரிப் பதிவு கேட்பார்கள். பிறகு டீ குடித்துக்கொண்டு அதைப் பற்றி உருக்கமாகப் பேசுவார்கள். கேலியாகத்தான் சொல்கிறேன், ஆனால் அந்தப் பனிக்கட்டி உருகியதைக் கேட்டபோது ஜெர்லினுக்குக் கண் கலங்கியது பொய்யில்லை. கூட்டத்தை நடத்துகிறவள் அவளுடைய சிநேகிதி வித்யா. புரொஜெக்டர், மிக்ஸர், ஒயர் பிடுங்கி மாட்டுகிற வேலையெல்லாம் ஜெர்லினுடையது.

அங்கேதான் ஆனந்தகுமார் வந்து சேர்ந்தான். குமாரபாளையத்து நெசவுக் குடும்பம். இப்போது துண்டும் லுங்கியும் ஏற்றுமதி. வீட்டில் தறி பார்க்கச் சொன்னார்கள். அவன் படம் பார்க்க வந்தான். பார்த்ததைப் பற்றியும் கேட்டதைப் பற்றியும் இணையத்தில் எழுதுவான். நன்றாகவே எழுதுவான், அதுதான் வினை. நாலு ஊரில் அவன் எழுத்துக்கு ஆள் இருந்தது. ஜெர்லின் அவனை அண்ணா என்றுதான் கூப்பிட்டாள்.

அலுவலகத்தில் மாதிரிக்கு வரும் ஜவ்வரிசியைத் தட்டில் கொட்டிப் பார்ப்பது வழக்கம். கொட்டிக் கொட்டி அந்தச் சத்தம் அவள் தலைக்குள் குடியேறிவிட்டது. ஒரு வருடம் வீட்டு மாடியில் பழகினாள். தகரம், தோல், வெண்கலம், ஈரத்துணி, கடைசியில் தன் உள்ளங்கை. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு மதியம் அதே மாடி ஹாலில் அதைக் கச்சேரியாகச் செய்தாள். ஆனந்தகுமார் தன்னுடைய விலை உயர்ந்த ரெக்கார்டரைக் கொண்டுவந்து, "நீங்க வாசிங்க, பதிவு பண்றத நானு பாத்துக்கறனுங்க" என்றான். வந்தவர்கள் கைதட்டினார்கள். அவனும்தான் தட்டினான்.

மறுநாள் எழுதினான். "சேலத்தில் நேற்று பாயசம் காய்ச்சினார்கள். கொட்டியதோடு சரி, பால் இல்லை, வெல்லம் இல்லை, அடுப்பும் பற்றவைக்கவில்லை." அவ்வளவுதான் விமர்சனம். அதைப் படித்துச் சிரிக்காதவர்கள் இல்லை. அலுவலகத்து வாட்ச்மேன் வரைக்கும் அது போனது. கோயில் திருவிழாவில் பாயசம் பரிமாறியபோது பாடகர் குழுவில் இரண்டு பேர் இவளைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டார்கள். பதிவைக் கேட்டதற்கு, மெமரி கார்டு கெட்டுப் போய்விட்டது, ஒன்றும் மிஞ்சவில்லை என்றான். ஒரு வருடம் பழகியதற்கு அடையாளமாக ஒரு முனகல்கூட மிஞ்சவில்லை. அதன் பிறகு ஜெர்லின் யார் முன்னாலும் எதையும் கொட்டவில்லை.

இப்போது கொட்டியது அத்தனையும் முழுசாக, பத்திரமாக, அவன் படத்தில் ஓடுகிறது. ஓரத்தில் கொஞ்சம் காற்றுச் சத்தம் மட்டும் சேர்த்திருந்தான்.

அவள் போன் செய்தாள். அவன் எடுத்தபோது பின்னால் தறி ஓடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணா, படத்துல வர்ற சத்தம் என்னோடதுங்க."

"ஏனுங்க ஜெர்லின், ஜவ்வரிசிய எங்க கொட்டுனாலும் ஒரே சத்தந்தானுங்களே. இதுல உங்களுது எங்களுதுன்னு என்ன இருக்குது?"

"கார்டு கெட்டுப் போச்சுன்னு சொன்னீங்க."

"கெட்டுத்தான் போச்சு. இது நானு ஆத்தூர்ல எடுத்தது."

"ஆத்தூர்ல எங்கம்மா ஊட்டு வெங்கலத் தட்டு எப்படிங்க வந்துச்சு?"

அவன் சிரித்தான். "நானு எழுதுனது இன்னும் உங்களுக்கு ஆறலையாட்டம் இருக்குது. மனசுல வெச்சுக்கிட்டு என்னென்னமோ பேசறீங்க. ஞாயித்துக்கிழம கோயமுத்தூர்ல இருந்து தனப்பிரியா மேடம் வாராங்க, பட விழாவுக்குத் தேர்வு பண்றவங்க. ஹால்ல சவுண்டு சுத்தமா இருக்கோணும். அத மட்டும் பாத்துக்கங்க."

போனை வைத்துவிட்டான்.  அண்ணா என்ற சொல் அன்றோடு அவள் வாயிலிருந்து போனது.

ஊரைக் கூட்டி நியாயம் கேட்கலாமே என்பீர்கள். எதை வைத்துக் கேட்பது? கச்சேரிக்கு வந்த பத்திருபது பேருக்கு இப்போது நினைவிருப்பது அவன் எழுதிய பாயசம் மட்டும்தான். தான் மதிக்காத ஒன்றை அவன் எதற்காகத் திருடப் போகிறான் என்று யாராவது ஒருவர் கேட்டால் போதும், இவள் வாயடைத்துப் போவாள். திட்டியதே அவனுக்கு அத்தாட்சியாகப் போய்விட்டது. அந்த அம்மாள் படத்தைத் தேர்ந்தெடுத்துக் கோவைக்குக் கொண்டுபோய்விட்டால், அங்கிருந்து அது எங்கெங்கோ போகும். போகிற இடமெல்லாம் ஜெர்லினின் கை ஆனந்தகுமாரின் கையாகிவிடும். அதை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கும்பிடுகிறவள்தான், மன்னிப்பு என்றால் என்னவென்று தெரிந்தவள்தான். ஆனால் மன்னிப்பதற்கு முன்னால் அவன் முகம் ஒருமுறை சுருங்கிப் போவதைப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியாக இருந்தது. படத்துக்கு உயிரே அந்தச் சத்தம். அதை உருவிவிட்டால் மிஞ்சுவது வெயிலில் காயும் ஜவ்வரிசி. ஹால் சிரிக்கட்டும். அந்த அம்மாள் கொட்டாவி விடட்டும். என் சரக்கை நான் எடுத்துக்கொள்கிறேன், உன் சரக்கை மட்டும் நீ விற்றுப் பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹால் நிறைந்துவிட்டது. திருச்செங்கோட்டிலிருந்துகூட இன்ஜினியரிங் கல்லூரி வாத்தியார்கள் வந்திருந்தார்கள். தனப்பிரியா நரைத்த தலையும் கதர்ச் சேலையுமாக முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஆனந்தகுமார், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் புது மாப்பிள்ளை மாதிரி. படம் இருந்த பென் டிரைவை அவனே கொண்டுவந்து ஜெர்லின் கையில் கொடுத்திருந்தான். கண்ணைப் பார்க்கவில்லை.

விளக்கு அணைந்தது. தலைப்பு வந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்த ஜெர்லின், முதல் மணி தகரத்தில் விழுவதற்கு முன்பே வால்யூமை அடியோடு இறக்கினாள்.

இனி என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சேலத்துக்காரர்கள் தியேட்டரில் ஒரு நிமிடம் சத்தம் நின்றால் போதும், சவுண்டு சவுண்டு என்று கூரையைப் பிய்த்துவிடுவார்கள். அவள் காத்திருந்தாள். ஒருவரும் கத்தவில்லை. ஒருவர் லேசாகச் செருமினார். செருமியதற்கு வெட்கப்பட்டவர் போல உடனே அடக்கிக்கொண்டார். இரண்டு பேர் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருப்பவர் ஆடாமல் அசையாமல் திரையையே பார்ப்பதைக் கண்டதும் தாங்களும் முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டார்கள். ஓரத்தில் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த வித்யா குனிந்து இவளிடம் வந்தாள்.

"என்ன புள்ள, சத்தமே காணோம்?"

"படமே அப்படித்தான்."

"ஓ" என்றாள் வித்யா. போன மரியாதை திரும்பி வந்தவள் போல நிமிர்ந்து தன் இடத்துக்குப் போனாள்.

ஜெர்லின் கணக்குப் போட்டதில் பிசகிவிட்டாள். இது தியேட்டர் கூட்டமில்லை, திரைவட்டம். வெங்காயம் உரிப்பதை இரண்டு மணி நேரம் பார்த்தவர்கள். ஏதோ பழுது என்று வாயைத் திறந்து, அது பழுதில்லை கலை என்று ஆகிவிட்டால் மானம் போய்விடுமே என்ற பயம் அத்தனை பேர் தொண்டையையும் அடைத்திருந்தது.

பயமில்லாமல் இருந்தவன் ஒருவன்தான். ஆனந்தகுமார் பாதி எழுந்து பின்பக்கம் திரும்பி, இருட்டில் கையை ஆட்டி, சத்தம் வை என்று ஜாடை காட்டினான். அவன் முகம் வெளிறுவதைத் திரை வெளிச்சத்தில் அவள் ஆசை தீரப் பார்த்தாள். அதே நொடியில் தனப்பிரியா அவன் மணிக்கட்டைப் பிடித்து உட்காரச் சொன்னாள். ஹால் இருந்த அமைதியில் அவள் சொன்னது கடைசி வரிசைக்கும் கேட்டது.

"உக்காருங்க தம்பி. எத்தனை தைரியம் இருந்தா இப்படி ஒரு படத்தைச் சத்தமே இல்லாம எடுப்பீங்க! பாக்க விடுங்க."

ஆனந்தகுமார் ஒரு நிமிடம் நின்றான். பிறகு உட்கார்ந்தான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கால்மேல் கால் போட்டான்.

 ஜெர்லின் அவனைக் கவிழ்க்கத் தோண்டிய குழி அவனுக்கு மேடையாகிவிட்டது. வால்யூமை இப்போது ஏற்றலாம். ஏற்றினால் அவள் இசை வரும், அவன் பெயரில் வரும். ஏற்றாவிட்டால் இந்த அமைதி அவன் பெயருக்குப் போகும். எப்படிப் போனாலும் லாபம் அவனுக்கு. விரல் வால்யூமின் மேலேயே இருந்தது. என் கையால் என் கச்சேரியை அவனுக்குத் தூக்கிக் கொடுக்க மாட்டேன் என்று முடிவு செய்து விரலை எடுத்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் படத்தைப் பார்த்தாள். வயிற்றெரிச்சலோடுதான் ஒத்துக்கொள்ள வேண்டும், படம் அப்படியொன்றும் மோசமில்லை. பெண்களின் பாதங்கள் வெள்ளையில் போட்ட கோடுகள் மேகத்தின் நிழல் வந்ததும் நீலமாக மாறின. ஒரு கிழவி நின்று முதுகை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். எதற்கென்று தெரியவில்லை, ஆனால் மறக்க முடியவில்லை. ஹாலின் மின்விசிறியும், நாற்காலி முனகலும், கீழே நாமக்கல் பஸ்ஸின் ஹாரனும் படத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. கண் இருக்கிறது இந்தப் பாவிக்கு என்று நினைத்தாள். கண் இருக்கிறவன் அடுத்தவள் காதை எதற்குத் திருட வேண்டும் என்ற ஆத்திரம் இன்னும் கூடியது.

விளக்கு வந்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தனப்பிரியா எழுந்து நின்று பேசினாள். சமீபத்தில் பார்த்த சோதனைப் படங்களெல்லாம் சத்தத்தால் நம்மை மிரட்டுகின்றன, இந்தப் படம் நம்மை நம்பி வாயை மூடிக்கொண்டது என்றாள். விழாவுக்கு இப்போதே எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். மறுபடியும் கைதட்டல்.

கேள்வி நேரம். மைக்கை ஆள் ஆளாகக் கொண்டுபோய் நீட்டுவதும் ஜெர்லின் வேலைதான். கல்லூரி வாத்தியார் ஒருவர் கேட்டார். "கடைசியில இசை, ஒலின்னு உங்க பேர் வந்துச்சுங்களே, அது எப்படிங்க?"

ஆனந்தகுமார் அசரவில்லை. "அமைதிக்கும் ஒருத்தர் மெட்டுப் போடோணுமில்லீங்க" என்றான். ஹால் குலுங்கச் சிரித்து, சிரிப்போடு தட்டியது. அவன் முதல்முறையாக ஜெர்லினின் கண்ணை நேராகப் பார்த்தான். நீ இறக்கிவிட்டதும் எனக்குத்தான் வந்து சேர்ந்தது, பார்த்தாயா என்று அந்தப் பார்வை சொன்னது.

அந்தப் பார்வை இல்லாமலிருந்தால் அவள் ஒருவேளை வீட்டுக்குப் போய் அழுதிருப்பாள். அதைப் பார்த்ததும் தலைக்குள் ஏதோ தெளிந்தது.  மைக்கைத் தானே பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மரியாதையாகக் கேட்டாள்.

"ஏனுங்க, எனக்கும் ஒரு சந்தேகம். அப்ப இந்தப் படத்துக்குன்னு எந்தச் சத்தமும் நீங்க எடுக்கவே இல்லீங்களா? எங்கியாச்சும் பதிவு பண்ணுனது, சேத்து வெச்சது, ஒண்ணுமே கெடையாதா?"

தப்பிக்க அவனுக்கு வாசல் திறந்துதான் இருந்தது. ஏதோ பழுதாகிவிட்டது, சத்தம் இருக்கிறது என்று அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் தனப்பிரியா நின்றிருந்தாள். அவள் கையிலிருந்த விழா அவன் கண்ணை மறைத்தது.

"ஒண்ணுமே இல்லீங்க" என்றான் புன்னகையோடு. "ஒரு பொட்டுச் சத்தம்கூட இந்தப் படத்துல கெடையாது. ஆரம்பத்துல இருந்தே அதுதான் என்னோட முடிவு."

வித்யாவின் போன் ஓடிக்கொண்டிருப்பதை ஜெர்லின் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

"சந்தோசமுங்க" என்றாள். "அப்ப யாரும் எந்திரிச்சுராதீங்க. இன்னொண்ணு இருக்குது. நாலு வருசத்துக்கு முன்ன இதே ஹால்ல நானு ஒரு கச்சேரி பண்ணுனேன். அதோட பதிவு காணாமப் போச்சுன்னு நெனச்சிருந்தேன். இப்பத்தான் கெடச்சிருக்குது. கொஞ்ச நேரம் கேளுங்க."

பின்னால் நடந்து போனாள். அவசரப்படவில்லை. புரொஜெக்டரின் மூடியைப் போட்டுப் படத்தை மறைத்தாள். அதே பென் டிரைவில் அதே படத்தை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டு, வால்யூமை ஏற்றினாள்.

தகரத்தில் முதல் மணி விழுந்தது. ஒன்று. பிறகு ஒன்று. பிறகு மழை பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டது. ஹால் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அரைமணி நேரமாக அமைதியில் பட்டினி கிடந்த காதுகள். ஒவ்வொரு மணியும் தனித்தனியாக உள்ளே போனது. வெண்கலத்தின் ஓரத்தில் வண்டு முரன்றபோது தனப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள். ஜெர்லின் மூச்சு வாங்கிய இடத்தில் யாரோ ஒருவரும் கூடவே மூச்சு விட்டார். அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவில்லை. நாலு வருடமாகப் பொத்திவைத்த அவமானம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போவது அவளுக்கே தெரிந்தது.

ஆனந்தகுமார் இரண்டு தடவை வாயைத் திறந்தான். என் படத்தின் சத்தம் அது என்று சொல்ல வேண்டும். சொன்னால் சற்று முன் சொன்னது பொய். விழாவும் போகும், இந்த ஊரில் முகமும் போகும். சொல்லாவிட்டால் அது ஜெர்லினுடையது. இரண்டு தடவையும் வாயை மூடிக்கொண்டான். கஞ்சிச் சட்டையின் முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டது. அவள் பார்க்க ஆசைப்பட்ட முகம் இதுதான். நினைத்ததைவிட நன்றாகவே சுருங்கியிருந்தது. அவளுக்குத் துளி இரக்கம் வரவில்லை, வர வேண்டும் என்று அவள் முயலவும் இல்லை.

இசை முடிந்ததும் ஹாலே கைதட்டியது. தட்டியவர்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

தனப்பிரியா திரும்பி, "எதைக் கொட்டி வாசிச்சீங்கம்மா?" என்று கேட்டாள்.

"ஜவ்வரிசிங்க."

 தனப்பிரியா, மூடி போட்டிருந்த புரொஜெக்டரைப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பதிவு ரொம்பச் சுத்தமா இருக்கே. யார் பண்ணுனது?" என்று வாத்தியார் கேட்டார்.

"நம்ம ஆனந்தகுமார்தானுங்க" என்றாள் ஜெர்லின். "இத்தன வருசம் பத்தரமா வெச்சிருந்து குடுத்தாரு. அவருக்கு எல்லாரும் ஒருக்கா கை தட்டுங்க."

தட்டினார்கள். எழுந்து நின்று கும்பிடுவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. கும்பிட்டான். பென் டிரைவை அவன் திருப்பிக் கேட்கவில்லை; அது ஜெர்லினின் கைப்பையில் இருந்தது. அவள் முன்வரிசைக்கு நடந்து போய் மைக்கை அவன் வாயருகே நீட்டினாள்.

"எல்லாத்தப் பத்தியும் எழுதறவரு நீங்க. இது எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க."

ஹாலே அவனைப் பார்த்தது. 

"நல்லா இருக்குதுங்க" என்றான்.

ஜெர்லின் மைக்கை எடுக்கவில்லை. "பின்னாடி கேக்கலையாட்டம் இருக்குதுங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

அவன் மறுபடியும், சத்தமாகச் சொன்னான்.